ஐந்து லட்சம் கடிதங்களும் ஒரு சீட்டும்



மேடையில் ஒரு பெண் வருகிறாள். கையில் கடிதம். யாரோடும் பேசவில்லை, கடிதத்தைப் படித்துக்கொண்டே வருகிறாள். போருக்குப் போன கணவன் எழுதியது. வழியில் மூன்று சூனியக்காரிகளைப் பார்த்தேன், நீ ராஜாவாவாய் என்று சொன்னார்கள் என்கிறான். அவ்வளவுதான் சேதி. ஆனால் அவள் அந்தக் காகிதத்தை மடிக்கும்போது ஒரு கொலை முடிவாகிவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் சீமாட்டி நமக்கு அறிமுகமாவது இப்படித்தான், ஒரு தபாலோடு.

1888 டிசம்பர் 29ஆம் தேதி இரவு லண்டன் லைசியம் அரங்கில் அந்தக் கடிதத்தோடு வந்தவர் எலன் டெர்ரி. அன்று அவர் உடுத்தியிருந்தது பச்சை அங்கி. அதில் சுமார் ஆயிரம் வண்டுச் சிறகுகளைக் கோத்துத் தைத்திருந்தார்கள். நம்மூரில் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்க்கிற பொன்வண்டு இருக்கிறதே, அந்த இனம். விளக்கு பட்டதும் அங்கி முழுவதும் மின்னியது. ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜன்ட் அதைப் பார்த்துவிட்டு வரைந்த படம் இன்றும் லண்டன் டேட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அங்கியும் இருக்கிறது, கென்ட் மாவட்டத்தில் ஸ்மால்ஹைத் என்ற கிராமத்தில், அந்த அம்மையார் கடைசியாக வாழ்ந்த வீட்டில்.

படம் இருக்கிறது, அங்கி இருக்கிறது. நடிப்பு? அது அன்று இரவே போய்விட்டது. மேடை நடிகர்களின் சாபம் அது. அவர்கள் விட்டுப்போகிற காகிதங்களை நாம் இவ்வளவு ஆவலோடு புரட்டுவதற்கும் அதுதான் காரணம்.

எலன் டெர்ரிக்கு வயதாகி வேடங்கள் குறைந்தபோது ஊர் ஊராகப் போய் ஷேக்ஸ்பியரைப் பற்றிச் சொற்பொழிவு செய்தார். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் போனார். அந்தப் பேச்சுகளில் ஒன்று, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் கடிதங்களைப் பற்றியது. எத்தனை பேராசிரியர்கள் ஷேக்ஸ்பியரைக் குடைந்திருக்கிறார்கள்! கடிதத்துக்கென்று ஒரு தனிப் பேச்சு வேண்டும் என்று தோன்றியது, மேடையில் அந்தக் கடிதங்களைக் கையில் பிடித்துப் படித்த நடிகைக்கு. அவர் மேடைக் கடிதங்களைப் பற்றிப் பேசினார். நான் இன்று, அவருக்கும் அவர் கம்பெனி முதலாளிக்கும் மேடைக்கு வெளியே வந்துபோன கடிதங்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

அந்த முதலாளி ஹென்றி இர்விங். பிறந்தபோது வைத்த பெயர் ஜான் ஹென்றி பிராட்ரிப். சாமர்செட்டில் 1838இல் பிறந்தவர். லண்டனில் குமாஸ்தாவாக இருந்து, 1856இல் சண்டர்லாந்து என்ற வடக்கத்தி ஊரில் மேடை ஏறினார். அதன்பிறகு பத்து வருஷம் ஊர்ஊராகச் சில்லறை வேடங்கள். 1871 நவம்பர் 25 அன்று ‘தி பெல்ஸ்’ என்ற நாடகம். அல்சாஸ் கிராமத்து விடுதிக்காரன் மத்தியாஸ், பல வருஷத்துக்கு முன் பனிவண்டியில் வந்த ஒரு யூத வியாபாரியைக் கொன்று பணக்காரன் ஆனவன். ஊரே மதிக்கிறது. அவனுக்கு மட்டும் அந்தப் பனிவண்டியின் மணி காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரே இரவில் லண்டன் இர்விங்கின் காலடியில் விழுந்தது. அன்று வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் மனைவி ஃபுளோரன்ஸ், இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிக் கோமாளித்தனம் பண்ணப் போகிறீர்கள் என்று கேட்டாராம். இர்விங் ஹைட் பார்க் முனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார், அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்கவில்லை என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்த கதை. கதை எவ்வளவு தூரம் நிஜமோ, பிரிவு நிஜம்.

1878இல் லைசியம் அரங்கைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். நடிகரும் அவரே, வாத்தியாரும் அவரே, முதலாளியும் அவரே. ஜோடி வேடத்துக்கு எலன் டெர்ரியை அழைத்தார். இருபத்துச் சொச்ச ஆண்டுகள் அந்த ஜோடி லைசியத்தில் நிலைத்தது. 1895இல் விக்டோரியா மகாராணி இர்விங்குக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார். நடிகர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

இனிக் கடிதத்துக்கு வருவோம். எங்கள் வீட்டில் சுவரில் ஒரு வளைந்த கம்பி தொங்கும். வருகிற கார்டு, இன்லண்ட் லெட்டர் எல்லாவற்றையும் அப்பா அதில் குத்தி வைப்பார். வருஷக் கடைசியில் கம்பி நிறைந்துவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு கம்பி போதும். லைசியம் அரங்குக்கு எத்தனை கம்பி வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாடகம் எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கச் சொல்கிறவர்கள், ஓசி டிக்கெட் கேட்கிறவர்கள், வேலை கேட்கிற நடிகர்கள், நொடித்துப்போன பழைய நடிகர்கள், நாடகம் முடிந்தபின் அரங்கத்துப் பீஃப்ஸ்டேக் அறையில் நடக்கும் விருந்துக்கு அழைக்க வேண்டிய பிரபுக்கள், பிரதமர்கள், அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கப்பல், ரயில், விடுதி. இத்தனைக்கும் பெரும்பாலும் பதில் போட்டவர் ஒரே ஆள்: பிராம் ஸ்டோக்கர்.

ஆமாம், டிராகுலா எழுதிய அதே ஸ்டோக்கர்தான். டப்ளினில் அரசு குமாஸ்தா. சாயங்காலங்களில் சம்பளமில்லாமல் ஒரு பத்திரிகைக்கு நாடக விமரிசனம் எழுதிக்கொண்டிருந்தார். 1876இல் இர்விங் டப்ளினுக்கு வந்து ஹாம்லெட் நடித்தார். ஸ்டோக்கர் எழுதிய விமரிசனம் பிடித்துப்போய் விருந்துக்குக் கூப்பிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு, அங்கிருந்த சிலருக்காக மட்டும், ஒரு கொலைகாரனின் கனவைப் பற்றிய தாமஸ் ஹூட்டின் கவிதையைச் சொல்லிக் காட்டினார். இருபத்தொன்பது வயசு, ஆறடி உயரம், கல்லூரியில் விளையாட்டு வீரராக இருந்த ஸ்டோக்கர் அதைக் கேட்டு நிலைகுலைந்து அழுதுவிட்டார். இதை அவரே எழுதியிருக்கிறார், வெட்கப்படாமல். இர்விங் உள்ளே போய்த் தன் புகைப்படத்தில் வாழ்த்து எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு புகைப்படம், ஒரு வரி வாழ்த்து. அதற்கு விலையாக ஸ்டோக்கர் தன் வாழ்வில் இருபத்தேழு வருஷத்தைக் கொடுத்தார் என்று சொன்னால் மிகையில்லை. 1878 டிசம்பரில் அரசு வேலையை விட்டுவிட்டு லைசியத்தின் நிர்வாகியாக வந்து சேர்ந்தார். மறு வருஷம் வெளிவந்த அவருடைய முதல் புத்தகம் எது தெரியுமா? அயர்லாந்துச் சிறு நீதிமன்றக் குமாஸ்தாக்களின் கடமைகள் பற்றிய கையேடு. லைசியத்துக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட ஆள்தான்.

இர்விங் இறந்த மறு வருஷம், 1906இல், ஸ்டோக்கர் அவரைப் பற்றி இரண்டு தொகுதி நினைவுக் குறிப்புகள் வெளியிட்டார். இர்விங்குக்காகத் தான் எழுதிய கடிதங்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் இருக்கும் என்று அதில் ஒரு கணக்குச் சொல்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தேழு வருஷம் ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை பார்க்காமல் எழுதினால்கூட நாளைக்கு ஐம்பது. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், விசுவாசிகள் கணக்கு அப்படித்தான் இருக்கும். பாதியாக்கினாலும் மலைப்புத்தான்.

இதன் விளைவு என்ன? இன்று ஆவணக் காப்பகங்களில் இர்விங் பெயரால் கிடக்கிற காகிதங்களில் இர்விங்கைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. மரியாதையான வாக்கியங்கள், நன்றிகள், வருத்தங்கள். ஸ்டோக்கரோடு எல்.எஃப். ஆஸ்டின் என்ற செயலாளரும் இர்விங்குக்காக எழுதிக் கொடுத்தவர். மேடையில் ஷேக்ஸ்பியர் எழுதிக் கொடுத்ததைப் பேசினார், விருந்தில் ஆஸ்டின் எழுதிக் கொடுத்ததைப் பேசினார், தபாலில் ஸ்டோக்கர் பேசினார். அந்த மனிதருடைய சொந்தக் குரல் எது?

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1897இல் வந்த டிராகுலா நாவலைத் திறந்து பாருங்கள். கதை முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு. அந்தப் பிரபு மட்டும் தன் கதையைத் தானே எழுதுவதில்லை, சுற்றியிருக்கிறவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நாளெல்லாம் ஒரு பெரிய மனிதனின் தபாலில் தலைகுப்புற விழுந்து கிடந்தவன் நாவல் எழுதினால் அது வேறு எப்படி இருக்கும்? டிராகுலாவின் முகத்தில் இர்விங்கின் சாயலைத் தேடுகிறவர்கள் பலர். முகத்தை விடுங்கள், கதையின் வடிவத்திலேயே லைசியம் அலுவலகம் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த நாவல் வெளியாவதற்குச் சில நாள் முன்பு, நாடக உரிமையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக லைசியம் மேடையிலேயே அதை வாசித்தார்கள். இர்விங் எட்டிப்பார்த்து, சகிக்கவில்லை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போனதாகக் கதை.

எலன் டெர்ரி இதற்கு நேர் எதிர். அவருக்காக யாரும் எழுதவில்லை. பள்ளிக்கூடப் படியே ஏறாதவர். நடிகர் குடும்பம். ஒன்பது வயதில், 1856இல், சார்லஸ் கீன் கம்பெனியில் ஷேக்ஸ்பியரின் ஒரு குட்டி இளவரசனாக மேடைக்கு வந்தவர். பதினேழு நிறைவதற்குள் தன்னைவிட முப்பது வயது மூத்த ஓவியர் வாட்ஸைக் கல்யாணம் செய்து, பத்து மாதத்தில் பிரிந்தார். பிறகு காட்வின் என்ற கட்டடக் கலைஞரோடு ஊருக்கு வெளியே ஒரு வாழ்க்கை, இரண்டு பிள்ளைகள். இவ்வளவுக்கும் நடுவில் எழுதிக்கொண்டே இருந்தார். ரயிலில், ஒப்பனை அறையில், ஒத்திகை முடிந்து தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது. முற்றுப்புள்ளி வைக்க நேரமில்லை, கோடு கோடாக இழுத்துவிட்டுப் போவார். முக்கியமான சொல்லுக்கு அடிக்கோடு, இன்னும் முக்கியமானால் இரண்டு அடிக்கோடு. தன் நாடகப் பிரதிகளின் ஓரத்திலும் அவர் இப்படித்தான் குறித்து வைத்தார். வர்ஜீனியா உல்ஃப் 1941இல் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரவில் களைத்துப்போய் பெர்னார்ட் ஷாவுக்குக் கிறுக்கிக்கொண்டிருந்தபோது, தான் ஓர் எழுத்தாளர் என்பது அந்த அம்மாளுக்குத் தோன்றவே இல்லை என்கிறார். படிப்பில்லை என்ற தாழ்வு மனம் கண்ணை மறைத்துவிட்டதாம். உல்ஃப் லேசில் யாரையும் எழுத்தாளர் என்று ஒப்புக்கொள்கிறவர் இல்லை.

வந்த கடிதங்களில் ஒன்றிரண்டைச் சொல்கிறேன். ‘ஆலிஸின் அற்புத உலகம்’ எழுதிய லூயிஸ் கரோல் அவரைச் சிறுமியாக மேடையில் பார்த்ததிலிருந்து ரசிகர். ‘வெனிஸ் வணிகன்’ நாடகம் லைசியத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, 1880இல், அவரிடமிருந்து ஒரு கடிதம். வழக்கில் தோற்ற ஷைலக் கிறிஸ்தவனாக வேண்டும் என்று தண்டனை விதிக்கும் வரியை இர்விங் வெட்டிவிடக் கூடாதா, ஒருவனை மதம் மாறச் சொல்வது கேட்கவே கூசுகிறது என்று. நல்ல கடிதம். இன்னொரு சமயம் ‘ஃபாஸ்ட்’ நாடகத்துக்கு ஒரு சிறுமியை அழைத்து வந்துவிட்டு எழுதினார்: மார்கரெட் உடை களைய ஆரம்பிக்கும் இடத்தில், இது எங்கே போய் நிற்கும் என்று அந்தக் குழந்தை கேட்டது, ஆகவே அந்த இடத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாமே என்று. எலனுக்கு வந்ததே கோபம். உங்களுக்கு நல்ல குழந்தைகளை மட்டும்தான் பழக்கம் என்று நினைத்திருந்தேனே என்று ஒரே வரியில் பதில் போட்டார். ஒரு வரியில் குழந்தைக்கும் ஓர் அடி, கூட்டி வந்தவருக்கும் ஓர் அடி!

ஆனால் நீங்கள் எல்லாரும் காத்திருப்பது பெர்னார்ட் ஷாவுக்காக என்று எனக்குத் தெரியும்.

1892 ஜூன். எலன் தனக்குத் தெரிந்த ஓர் இளம் பாடகியைப் பற்றி ‘தி வேர்ல்ட்’ பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிக் கேட்டார்: இந்தப் பெண்ணுக்கு இசையில் எதிர்காலம் உண்டா? ஆசிரியர் அந்தக் கடிதத்தைத் தன் இசை விமரிசகரிடம் தள்ளிவிட்டார். விமரிசகர் ஷா. போய்க் கேட்டுவிட்டு, ஒளிவுமறைவில்லாமல் அபிப்பிராயம் எழுதி அனுப்பினார். பிரபலமான நடிகை கேட்கிறாரே என்று ஒரு வார்த்தை பூசி மெழுகவில்லை. எலனுக்குப் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாள் எழுதி, நின்று, 1895இலிருந்து கடிதங்கள் மழையாகக் கொட்டின. ஷா இருந்தது ஃபிட்ஸ்ராய் சதுக்கம், எலன் இருந்தது ஏர்ல்ஸ் கோர்ட். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். போகவில்லை. ஒரு பென்னி தபால்தலை, நாளைக்குப் பலமுறை பட்டுவாடா. காலையில் போட்டால் மாலையில் பதில். திரையில் உள்ள ஓட்டை வழியாக எலன் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஷாவை எட்டிப் பார்த்திருக்கிறார், ஷா மேடையில் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரே சந்திக்க வேண்டாம் என்பது இருவருக்கும் உள்ள உடன்பாடு. எட்டு வருஷத்துக்கும் மேல் அதைக் காப்பாற்றினார்கள்.

கொஞ்சலும் குழைவும் அந்தக் கடிதங்களில் நிறைய உண்டு. எனக்குக் கிசுகிசுவில் ஆசையில்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன், முதல்முறை படித்தபோது நானும் அதற்காகத்தான் படித்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. அந்தக் கடிதங்களில் கனமாக இருப்பது வேலை. 1896 செப்டம்பரில் லைசியத்தில் ‘சிம்பலின்’. எலனுக்கு நாற்பத்தொன்பது வயது, வேடம் இளம் இளவரசி இமோஜன். அந்த நாடகத்தில் ஒரு பயங்கரமான இடம். மருந்து குடித்து மயங்கிக் கிடந்தவள் கண் விழிக்கிறாள். பக்கத்தில் பூக்கள், பூக்களுக்குக் கீழே ஒரு மனிதன், அவனுக்குத் தலை இல்லை, உடுத்தியிருப்பது அவள் கணவனின் ஆடை. இதை எப்படி நடிப்பது? ஒரே கூச்சலாகக் கத்தித் தீர்த்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்வார்கள். அந்த விழிப்பு படிப்படியாக வர வேண்டும், எதை முதலில் பார்க்கிறாள், எதை உணர நேரம் எடுக்கிறது, எந்த வரியை வெட்டலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று ஷா பக்கம் பக்கமாக எழுதினார். எலன் அதைப் படித்து, ஏற்க வேண்டியதை ஏற்று, வாதாட வேண்டிய இடத்தில் வாதாடிப் பதில் போட்டார். பிறகு நாடகம் அரங்கேறியது. அதை விமரிசனம் எழுதியவர் யார்? அதே ஷா, ‘சாட்டர்டே ரிவ்யூ’வில். நாடகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார், எலனைப் பாராட்டினார். பரீட்சைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரே விடைத்தாளையும் திருத்தினால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் ஒன்று, நடிகையும் விமரிசகரும் ஒரு காட்சியைப் பற்றி இத்தனை நுணுக்கமாக எழுத்தில் பேசிக்கொண்ட சான்று வேறெங்கும் எனக்குத் தட்டுப்படவில்லை. அதற்காக அந்தக் குற்றத்தை மன்னித்துவிட்டேன்.

ஷாவுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. இர்விங் ஷேக்ஸ்பியரை வெட்டிக் கொத்திப் பழைய சாமான்களையே ஓட்டுகிறார், இவ்வளவு பெரிய நடிகையை வீணடிக்கிறார் என்று நம்பினார். எலனைப் புது நாடகத்துக்கு இழுக்க வேண்டும். நெப்போலியனையும் ஒரு மர்மப் பெண்ணையும் வைத்து ‘விதியின் மனிதன்’ என்ற சிறு நாடகத்தை எழுதி, எலன் மூலம் இர்விங்கிடம் கொண்டுபோனார். இர்விங் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போடுகிறேன் என்றும் சொல்லவில்லை. நாடகக் கம்பெனிகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நடுவில் எலன் இரண்டு பக்கமும் சமாதானம் எழுதிக்கொண்டிருந்தார். 1896 டிசம்பரில் இர்விங் மூன்றாம் ரிச்சர்டாக நடித்தார். ஷா எழுதிய விமரிசனத்தில், இர்விங் குடித்துவிட்டு மேடையேறியதாகக் குத்தல் இருக்கிறது என்று அவர் தரப்பு எடுத்துக்கொண்டது. அப்படி நினைக்கவே இல்லை என்று ஷா சாதித்தார். 1897இல் நாடகப் பிரதி திரும்பி வந்தது.

இந்தப் பகை இர்விங்கின் சாவோடும் முடியவில்லை. 1905 அக்டோபர் 13 அன்று பிராட்ஃபர்டில் டென்னிசனின் ‘பெக்கெட்’ நடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பிய இர்விங் கூடத்திலேயே சரிந்து இறந்துபோனார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். ஷாவுக்கும் அனுமதிச் சீட்டு வந்தது. அதைத் திருப்பி அனுப்பி ஒரு கடிதம் எழுதினார். நான் வந்தால் இர்விங் பெட்டிக்குள் புரண்டு படுப்பார், இர்விங் உள்ளே வந்தால் ஷேக்ஸ்பியர் புரண்டு படுப்பார் என்று. கெட்டிக்காரத்தனமான கடிதம்தான். ஒரு மனிதன் இறந்த வாரத்தில் எழுதுகிற கடிதம் இல்லை.

1898இல் ஷா சார்லட் பெய்ன் டவுன்செண்டைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பணக்கார ஐரிஷ் பெண்மணியைப் பற்றி அவர் எலனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார், எலன் ஒன்பது வயது மூத்தவர் என்ற முறையில் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தார். காதல் கடிதம் என்று பேர் வாங்கிய கட்டுக்குள் இப்படி ஒரு பகுதி இருப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எலனுக்குப் பேரக் குழந்தை பிறந்த சமயம். இனிப் பாட்டிக்கு யார் நாடகம் எழுதுவார்கள் என்றாராம். நான் எழுதுகிறேன் என்று ஷா எழுதியதுதான் ‘கேப்டன் பிராஸ்பவுண்டின் மனமாற்றம்’. மொராக்கோ மலைகளில் கொள்ளைக்காரர்களையெல்லாம் அன்பாலும் சாமர்த்தியத்தாலும் ஆட்டிவைக்கிற சிஸிலி சீமாட்டி. இதுதான் நீங்கள் என்று அனுப்பி வைத்தார். இது எனக்கு ஒத்துவராது என்று எலன் பதில் எழுதினார். ஷாவுக்கு அது பலத்த அடி. இத்தனை வருஷக் கடிதத்தில் நான் பார்த்த முகம் இது, இது நீ இல்லையா என்ற தவிப்பு அவருடைய மறுமொழியில் தெரிகிறது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கடிதத்திலிருந்து ஒரு பெண்ணைச் செய்து அந்தப் பெண்ணிடமே காட்டினால், யார் இவள் என்றுதான் கேட்பாள்.

1900 டிசம்பரில் அந்த நாடகத்தை வேறொரு நடிகையை வைத்து ஒரு நாடகச் சங்கம் போட்டபோது எலன் பார்க்க வந்தார். அன்றுதான் இருவரும் சந்தித்தார்கள். பிறகு கடிதங்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. 1906இல் எலன் மனசு மாறி சிஸிலியாக நடிக்க ஒப்புக்கொண்டார். ஒத்திகையில் வசனம் மறந்து மறந்து போயிற்று. நாடகத்தின் கடைசியில் சிஸிலி சீமாட்டி கல்யாணத்திலிருந்து மயிரிழையில் தப்பிக்கிறாள். அதே நாடகத்தில் நடித்த ஜேம்ஸ் கேரூ என்ற அமெரிக்க இளைஞரை மறு வருஷம் எலன் கல்யாணம் செய்துகொண்டார், அறுபதாவது வயதில்.

எலன் 1928 ஜூலையில் ஸ்மால்ஹைத் வீட்டில் இறந்தார். ஷாவின் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றை 1931இல் புத்தகமாகப் பார்த்தது உலகம். மகள் எடித், அம்மாவின் வீட்டை நினைவில்லமாகக் காப்பாற்றப் பணம் தேவை என்று சம்மதித்தார். பதிப்பித்தவர் கிறிஸ்டஃபர் செயின்ட் ஜான், பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், பெண்தான். மகன் கார்டன் கிரெய்க், உலகம் போற்றும் மேடைக் கலைஞர், கொதித்துப்போனார். என் தாயின் அந்தரங்கத்தைக் கடைத்தெருவில் விற்கிறார்கள் என்று அதே வருஷம் எதிர்ப் புத்தகம் எழுதினார். ஷாவை அதில் ஒரு பிடி பிடித்திருக்கிறார். கிரெய்க்கின் கோபம் எனக்குப் புரிகிறது, மகனின் கோபம் அது. ஆனால் எடித் செய்ததுதான் சரி என்பேன். அந்த வீடும், அந்தப் பொன்வண்டு அங்கியும் இன்று இருப்பதற்கு அவர்தான் காரணம்.

மறுபடி அந்த அங்கிக்கே வருகிறேன். 1888 கடைசியில் எடித் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு எழுதிய ஒரு கடிதத்தை எலனின் தன்வரலாற்றில் பார்க்கலாம். முதல் காட்சி உடையில் பச்சை வண்டுகள் என்று ஒரே குதூகலம். போட்டோவில் ஒன்றும் தெரியாது, நிறத்தில்தான் எல்லாமே என்கிறார். அடுத்த மூச்சில் தொழில். சில இடங்களை நன்றாகச் செய்கிறேன், நினைத்ததை இன்னும் செய்ய முடியவில்லை, ஆனால் பாத்திரத்தை நான் புரிந்துகொண்ட விதம் சரி, அதிலிருந்து ஓர் அங்குலம் நகரமாட்டேன் என்கிறார். மாக்பெத் சீமாட்டியை இவர் சாதுவாக்கிவிட்டார் என்று சிலர் எழுதினார்களே, அது சுத்த அபத்தமாம். அவள் சாதுவும் இல்லை, பேயும் இல்லை, புருஷன்மேல் ஆசை உள்ளவள், அவ்வளவுதான். ஒவ்வொரு இரவும் வியர்வை கொட்ட உழைக்கிறேன் என்கிறார். மகளுக்கு எழுதும்போது எந்த வேடமும் இல்லை.

அதே புத்தகத்தில், அதே மாக்பெத்துக்காக நடந்த ஒத்திகைகளின்போது இர்விங் அவருக்கு எழுதிய ஒரு சீட்டும் இருக்கிறது. ஸ்டோக்கர் எழுதியதல்ல, ஆஸ்டின் எழுதியதல்ல. முடிந்தால் இன்றிரவு கடைசி அங்கத்தைப் பார்த்துவிடுவோம் என்று ஆரம்பிக்கிறார். இந்தக் கூட்டக் காட்சிகளைத் தள்ளிவிட்டால் நம்முடைய காட்சிகளில் இறங்கலாம் என்கிறார். அப்புறம் பேச்சு மாறுகிறது. உங்கள் மனசு மிக மென்மையானது, சில நேரம் வலிக்கத்தான் செய்யும். நீங்கள் மின்னல் மாதிரி சட்டென்று பார்த்துவிடுகிறீர்கள், என்னைப் போன்ற மந்தபுத்திக்காரன் பொறுமை இழந்து எரிந்து விழுகிறான். ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கிட்டால் குழம்பிப்போகிறேன், வேறொன்றும் இல்லை. நான் மிகவும் மதிக்கிற ஒன்றைக் காதில் வாங்காதவன் போல நடந்துகொண்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறேன்.

ஒத்திகையில் என்னவோ நடந்திருக்கிறது. எலன் ஏதோ சொல்லியிருக்கிறார், முதலாளி எல்லார் முன்னாலும் வெடுக்கென்று பேசியிருக்கிறார். வீட்டுக்குப் போய் எழுதியிருக்கிறார். செய்ய வேண்டியது மலைபோல் கிடக்கிறது, எப்படிக் கரையேறுவது என்ற பயத்தையும் அதிலேயே சொல்லிவிட்டு, கடைசி வரியில் தன்னைப் பெரிய மனிதனாக்கிய பழைய நாடகத்துக்குத் திரும்புகிறார். ‘தி பெல்ஸ்’ விடுதிக்காரன் மத்தியாஸ் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற எச்சரிக்கை ஒன்று, தூங்கினால் தொலைந்தாய் என்று. அதை எழுதி முடித்துவிட்டு இர்விங் அன்றிரவு ஒத்திகைக்குப் போனார். எலனும் போனார்.